பசும்பயிரும் பசித்த மாடும்

நுழையும்முன்

நஞ்சு என்றவுடன் பாம்பும் தேளும் பலரது நினைவுக்கு வரும். ஆனால், மாட்டின் உயிரைப் பறிக்கும் நஞ்சு சில வேளைகளில் அதன் தீவனத்திலேயே இருக்கிறது. நல்ல உணவாக விளங்கும் ஒரு பயிர் சில நாள்களில் மட்டும் நஞ்சாவது ஏன்? மழைக்கும் வெயிலுக்கும் பசிக்கும் அதில் என்ன பங்கு? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

மழை பொய்த்த வயல்

தக்காண மேட்டுநிலத்தில் பருவமழையை நம்பி விதைத்த சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நிற்கிறது. வீட்டின் பின்புறம் இருந்த தட்டைப்போர் கரைந்துவிட்டது. கட்டுத்தறியில் நிற்கும் மாட்டின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். இனி இப்பயிர் கதிர் பிடிக்கப் போவதில்லை. மாட்டின் வயிறாவது நிறையட்டும் என்று உழவர் மாட்டை அவிழ்த்து வயலில் விடுகிறார். ஆவலோடு மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிக் கீழே விழுகிறது. விளைச்சலும் போயிற்று, மாடும் போயிற்று.

வறட்சிக் காலத்தில் சோளம் விளையும் பகுதிகளில் நிகழக்கூடிய துயரம் இது. ஒரு பசுவின் பாலை விற்று அன்றாடச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு அந்தப் பசுவே சேமிப்பு. அதன் கன்றே வருங்காலம். பகைவர் எவரும் நஞ்சிடவில்லை. மாட்டின் பசி பொறாத அன்பே அதை வயலுக்கு அனுப்பியது. அன்போடு அறிவும் சேர்ந்திருந்தால் அந்த மாடு பிழைத்திருக்கும்.

ஒரு பயிர், பல பெயர்கள்

தமிழில் சோளம் என்று வழங்கும் பயிரை இந்தியில் ஜ்வார் என்றும், மராத்தியில் ஜ்வாரி என்றும், கன்னடத்தில் ஜோளா என்றும், தெலுங்கில் ஜொன்னா என்றும் அழைப்பர். மகாராட்டிரத்தின் சோலாப்பூர்ப் பகுதியிலும் கருநாடகத்தின் விசயபுரா, கலபுரகி மாவட்டங்களிலும் சோள ரொட்டி மக்களின் அன்றாட உணவாகும். கதிரை அறுத்த பின் எஞ்சும் தட்டையை மராத்தியர் கட்பா என்பர். கட்டுக்கட்டாக அடுக்கிவைக்கப்படும் அத்தட்டையே கோடைக்காலத்தில் மாடுகளின் உயிரைக் காக்கும் தீவனம்.

வட இந்தியாவில், குறிப்பாக அரியானா, பஞ்சாப், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில், தானியத்துக்காக அன்றிப் பசுந்தீவனத்துக்காகவே சோளத்தைப் பயிரிடுவர். அத்தீவனப் பயிருக்குச் சரீ என்று பெயர். ஆக, மனிதருக்கு உணவாகவும் மாட்டுக்குத் தீவனமாகவும் சோளம் பயன்படுகிறது. முதிர்ந்த சோளத்தைத் தின்னும் மாட்டுக்கு இந்நஞ்சால் தீங்கு நேர்வது அரிது. தீங்கு இளஞ்சோளத்திலும் வாடிய சோளத்திலுமே மறைந்திருக்கிறது.

இளம்பயிரின் தற்காப்பு

செடியால் ஓடித் தப்ப இயலாது; முட்டித் தள்ளவும் இயலாது. ஆகவே, பல செடிகள் வேதிப்பொருள்களைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்கின்றன. சில செடிகள் கசக்கும், சில எரிச்சலூட்டும். சோளத்தின் வழி வேறு. அதன் இளந்தளிர்களில் தூரின் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. எகிப்தில் விளைந்த இளஞ்சோளத்தை ஆராய்ந்த டன்சுடன், என்றி என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1902ஆம் ஆண்டில் இப்பொருளைக் கண்டறிந்து வெளியிட்டனர். சோளத்தைக் குறிக்கும் துர்ரா என்னும் அரபுச் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது.

தூரின் அந்நிலையில் கொடிய நஞ்சன்று. இலையின் மேல்தோல் செல்களில் அது அடங்கிக் கிடக்கிறது. அதைப் பிளக்கவல்ல நொதியோ இலையின் உட்செல்களில் தனியே இருக்கிறது. இலை முழுமையாக இருக்கும்வரை இரண்டும் கலப்பதில்லை. தீப்பெட்டியும் குச்சியும் தனித்தனியே இருக்கும்வரை நெருப்பு எழுவதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும். மாடு இலையை மெல்லும்போதோ, கடும் வறட்சியிலும் பனியிலும் இலையின் செல்கள் சிதையும்போதோ இரண்டும் ஒன்றுசேர்கின்றன. அப்போது தூரின் பிளவுபட்டு ஐதரசன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது.

பயிர் சிறியதாக இருக்கும்போது இந்தத் தற்காப்பு வலுவாக இருக்கும். வளர வளர, உடலின் பருமனோடு ஒப்பிடத் தூரின் குறைந்துகொண்டே வரும். பூத்துக் கதிர் முற்றும்போது அச்சம் பெரிதும் நீங்கிவிடும். ஆனால், அறுவடைக்குப் பின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புத் தளிர் இளம்பயிருக்கு ஒப்பானது. தாய்ப்பயிர் தீங்கற்றதாக இருந்தது என்பதற்காக அதன் மறுதாம்பையும் அவ்வாறே கருதிவிடக் கூடாது.

அசைபோடும் வயிறு

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது நாக்கைச் சுழற்றிப் புல்லைக் கொத்தாக வளைத்து இழுத்து, அதிகம் மெல்லாமல் விழுங்குகிறது; பின்னர் ஓய்வாகப் படுத்து அசைபோடுகிறது. ஆட்டைப் போல ஒவ்வோர் இலையாகத் தேர்ந்து கடிக்கும் வழக்கம் அதற்குக் குறைவு. நல்ல புல்லோடு தீய செடியும் கலந்து உள்ளே செல்ல இதுவே காரணம். உண்டது ஒவ்வாமற்போனால் மனிதரைப் போல வாந்தியெடுத்து வெளியேற்றவும் மாட்டால் முடியாது.

மாட்டின் பெருவயிற்றில் எண்ணற்ற நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. வைக்கோலையும் தட்டையையும் சத்தாக மாற்றித் தருபவை அவையே. ஆனால், தூரினைப் பிளந்து சயனைடை வெளிப்படுத்துவதிலும் அவை விரைந்து செயல்படுகின்றன. இதனால், அசைபோடாத குதிரையைவிட அசைபோடும் மாட்டுக்கு இந்நஞ்சினால் தீங்கு மிகுதி. மாட்டை வாழவைக்கும் வயிறே இவ்விடத்தில் அதற்குப் பகையாகிறது.

ஒரு சிறு கணக்கு

மாட்டின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஐதரசன் சயனைடு ஒரே நேரத்தில் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து நேரும். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு இது 800 மில்லிகிராம். அதாவது 1 கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ இளஞ்சோளத்திலிருந்து 200 மில்லிகிராம் சயனைடு வெளிப்படுவதாகக் கொண்டால், 4 கிலோ தீவனமே போதும். பசித்த பசு இதைச் சிறிது நேரத்தில் தின்று முடித்துவிடும்.

இக்கணக்கில் அளவோடு வேகமும் முதன்மையானது. சிறிதளவு சயனைடை மாட்டின் கல்லீரல் வேறு பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். மெல்ல மெல்ல, பிற தீவனத்தோடு கலந்து தின்னும் மாடு பெரும்பாலும் தப்பிவிடும். வெறும் வயிற்றோடு வயலில் பாய்ந்து மேயும் மாட்டின் கல்லீரலுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

காற்று இருந்தும் மூச்சு இல்லை

சயனைடு உடலில் சேர்ந்ததும் என்ன நிகழ்கிறது? மாடு மூச்சு விடுகிறது. நுரையீரலுக்குக் காற்று செல்கிறது. இரத்தம் உயிர்வளியை ஏந்திச் செல்கிறது. ஆனால், அந்த உயிர்வளியை உடலின் செல்கள் பயன்படுத்த முடியாதவாறு சயனைடு தடுத்துவிடுகிறது. உணவு மூட்டை வாசலுக்கு வந்தும் கதவு பூட்டியிருப்பதால் வீட்டிலுள்ளோர் பட்டினி கிடப்பது போன்ற நிலை இது. செலவாகாத உயிர்வளி இரத்தத்திலேயே தங்குவதால், இரத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்ற சிவப்பாகத் தோன்றும்.

தீவனம் தின்ற சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அறிகுறிகள் வெளிப்படும். மாடு வேகமாக மூச்சிரைக்கும், வாயில் நுரையும் எச்சிலும் வழியும், உடல் நடுங்கும், கால்கள் தடுமாறும், இறுதியில் கீழே விழுந்து வலிப்புக் காணும். கால்நடை மருத்துவர் உரிய நேரத்தில் வந்தால் காப்பாற்ற வழி உண்டு. சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டு ஆகிய மருந்துகளை அவர் இரத்தக் குழாயில் செலுத்துவார். முதல் மருந்து சயனைடைச் செல்களிலிருந்து விலக்கி இழுக்கும். இரண்டாவது அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிச் சிறுநீரில் வெளியேறச் செய்யும். மருந்தின் அளவு பிழையானால் அதுவே தீங்காகும். ஆதலால் மருத்துவர் அன்றி வேறு எவரும் இதைச் செய்யலாகாது.

வெயில் தீர்க்கும் நஞ்சும் தீர்க்காத நஞ்சும்

சோளத்தை நன்கு உலர்த்தினால் அதிலுள்ள சயனைடின் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். மரவள்ளிக்கும் இது பொருந்தும். சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் கேரளத்திலும் மிகுதியாக விளையும் மரவள்ளியின் இலையிலும் கிழங்கின் தோலிலும் சயனைடு தரும் வேறொரு பொருள் உண்டு. அவற்றைப் பச்சையாகத் தின்னும் மாட்டுக்கு ஆபத்து. நறுக்கி, வெயிலில் பரப்பி, நன்றாக உலர்த்திய பின் அளவோடு இட்டால் ஆபத்து பெரிதும் குறைகிறது.

எல்லா நஞ்சையும் வெயில் தீர்த்துவிடும் என்று கருதுவது தவறு. உண்ணிச்செடி இதற்குச் சான்று. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மஞ்சளும் செம்மையும் கலந்த பூங்கொத்துகளுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்பட்ட அது, இன்று நீலகிரி முதல் இமயமலை அடிவாரம் வரை காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிப் படர்ந்துள்ளது. இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இச்செடியின் நஞ்சைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளது. இலண்டடீன் எனப்படும் இந்நஞ்சு இலை உலர்ந்த பின்னும் அழிவதில்லை.

இது சயனைடைப் போல உடனே கொல்வதன்று. கல்லீரலைத் தாக்கிப் பித்தநீர் பாய்வதைத் தடுக்கிறது. பசும்புல் செரிக்கும்போது அதன் பச்சையத்திலிருந்து உண்டாகும் ஒரு கழிவுப்பொருள் வழக்கமாகப் பித்தநீரோடு வெளியேறும். வழி அடைபட்டதால் அது இரத்தத்தில் கலந்து தோலை அடைகிறது. அந்நிலையில் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். மூக்கு, காது, மடி ஆகிய பகுதிகளிலும் உடலின் வெண்ணிறப் பகுதிகளிலும் தோல் தடித்துப் புண்ணாகும். மாடு உண்ணாமல் நிழலைத் தேடி ஒதுங்கும், கண்கள் மஞ்சளிக்கும், வயிறு இயங்காது. வெயிலில் கருகும் மாட்டைக் கண்டு தோல்நோய் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் நோய் கல்லீரலில் இருக்கிறது. இத்தகைய மாட்டை முதலில் நிழலில் கட்ட வேண்டும். பின்னர் மருத்துவரை நாட வேண்டும்.

உண்ணிச்செடி பற்றி அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. அச்செடி உள்ள பகுதியிலேயே பிறந்து வளர்ந்த மாடுகள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தாயோடு மேயும் கன்று எதை உண்ணலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பதைத் தாயைப் பார்த்தே பழகுகிறது. வேறிடத்திலிருந்து புதிதாகக் கொண்டுவரப்பட்ட மாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே, புதிய மாடே எளிதில் ஏமாறும். கடும் பஞ்சம் வந்தால் உள்ளூர் மாடும் தான் கற்றதை மறந்து அச்செடியைக் கடிக்கும். அறியாமை, பசி ஆகிய இரண்டுமே மாட்டை நஞ்சிடம் கொண்டு சேர்க்கின்றன.

நகரத்து மாடும் அரளியும்

இச்சிக்கல் சிற்றூர்களோடு முடிவதில்லை. நெடுஞ்சாலைகளின் நடுவே வரிசையாக அரளிச்செடிகள் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். நீர் குறைவாக இருந்தாலும் தழைப்பதாலும், கால்நடைகள் பொதுவாகத் தின்னாமல் விடுவதாலும் அதை அங்கு நடுகின்றனர். ஆனால், அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சுடையவை. உலர்ந்த இலையிலும் அந்நஞ்சு நீங்காது. பச்சை இலையின் கசப்பை உணர்ந்து விலகும் மாடு, கத்தரித்துக் குவித்த கழிவில் பிற புல்லோடு கலந்து கிடக்கும் அரளியைத் தின்றுவிடக்கூடும். தீவனம் நறுக்கும் கருவியில் அகப்பட்டுப் பொடியாகக் கலந்துவிட்டால் மாட்டால் அதைப் பிரித்தறியவே முடியாது. கைப்பிடியளவு இலையே ஒரு மாட்டைக் கொல்லப் போதுமானது.

நகரத் தெருக்களில் மாடுகளுக்கு அன்போடு உணவளிப்போர் பலர். தோட்டத்தில் வெட்டிய செடிகளையும் வாடிய அரளிப்பூ மாலைகளையும் மாட்டின் முன் போடுதல் அறமாகாது. மாடு எட்டாத இடத்தில் அவற்றை அகற்றுவதே முறை.

காக்கும் வழிகள்

உழவரும் கால்நடை மருத்துவரும் பின்பற்றும் வழிகள் எளியவை.

1. பசுந்தீவனச் சோளத்தைப் பூத்த பின்னரே அறுத்து மாட்டுக்கு இட வேண்டும்.

2. வாடி நிற்கும் பயிரிலும் மறுதாம்பிலும் மாட்டை மேயவிடக் கூடாது. வறட்சிக்குப் பின் மழை பெய்தவுடன் எழும் தளிர் மிகவும் ஆபத்தானது. பயிர் தெளிந்து வளரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

3. பசித்த மாட்டுக்கு முதலில் வைக்கோலோ உலர்ந்த தட்டையோ தந்து, பாதி வயிறு நிறைந்த பின்னரே பசுந்தீவனம் இட வேண்டும்.

4. இளஞ்சோளத்தை உலர்த்துவதாயின் முற்றிலும் உலர்த்த வேண்டும். அரைகுறையாக வாடிய பயிரை நம்பக் கூடாது.

5. ஐயம் எழுந்தால் பிக்ரேட்டுத் தாள் சோதனை செய்யலாம். பிக்ரேட்டுக் கரைசலில் நனைத்த மஞ்சள் நிறத் தாளை, நசுக்கிய இலையோடு மூடிய குப்பியில் தொங்கவிடுவர். சயனைடு இருந்தால் தாள் செங்கல் நிறமாக மாறும். ஆய்வகத்தாரே இதைச் செய்ய வேண்டும்.

6. புதிதாக வாங்கிய மாட்டைச் சில நாள்கள் கட்டிவைத்துத் தீவனம் தந்த பின், உடனிருந்து மேய்க்க வேண்டும்.

7. நஞ்சின் அறிகுறி தோன்றினால் உடனே தீவனத்தை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். பல மாநிலங்களில் 1962 என்னும் எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மாடு தின்ற தீவனத்தில் ஒரு பிடியை எடுத்துவைத்தால் மருத்துவர் நோயறிய அது உதவும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. பயிர் முதிரும்வரை காத்திருப்பதும், பசித்த மாட்டுக்கு முதலில் ஒரு கட்டு வைக்கோல் இடுவதுமே உயிரைக் காக்கின்றன. இளமையில் நஞ்சாகத் தோன்றும் சோளம் முதிர்ந்தபின் மனிதருக்கு ரொட்டியாகிறது. மாட்டுக்குக் கோடை முழுவதும் தீவனமாகிறது. சோளத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. அதன் பருவம் அறிந்து பயன்படுத்துவதே உழவின் அறிவாகும்.

சொல்லும் பொருளும்

கட்டுத்தறி – மாடு கட்டும் முளை
தட்டைப்போர் – உலர்ந்த சோளத்தட்டைகளின் குவியல்
மறுதாம்பு – அறுத்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் வளரும் பயிர்
நொதி – உயிரினங்களில் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்
உயிர்வளி – ஆக்சிசன்
பச்சையம் – இலைக்குப் பசுமை தரும் பொருள்
அவகாசம் – போதிய காலம்

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தூரின் என்னும் பெயர் எச்சொல்லிலிருந்து பிறந்தது?
2. மாடு தீய செடியைப் புல்லோடு சேர்த்து விழுங்கிவிடுவது ஏன்?
3. மறுதாம்புத் தளிரை மாட்டுக்கு இடக் கூடாது என்பதற்குக் காரணம் யாது?

ஆ. சுருக்கமாக விடை எழுதுக.

1. சோளத்தின் நஞ்சுக்கும் உண்ணிச்செடியின் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
2. 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு எவ்வளவு சயனைடு உயிருக்கு ஆபத்தாகும்? பாடத்திலுள்ள கணக்கைப் பின்பற்றிக் கண்டறிக.
3. ‘அன்போடு அறிவும் சேர்ந்திருந்தால் அந்த மாடு பிழைத்திருக்கும்’ – இத்தொடரை விளக்குக.

இ. செயல்திட்டம்

சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றை உங்கள் பெற்றோரின் ஊரில் எவ்வாறு அழைக்கின்றனர் என்று கேட்டறிக. நீங்கள் இப்போது வாழும் மாநிலத்தின் மொழியில் அவற்றின் பெயர்களை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து, இரண்டையும் ஒரே பட்டியலில் தமிழ் எழுத்தில் எழுதுக.